அம்மாவின் பட்டியலில் இல்லாத பெண்

அன்புள்ள எழுத்தாளருக்கு,

நீங்கள் சொன்னதால் தலீன் வோஸ்குனியின் 'ஸாரி, ப்ரோ' (2023) நாவலைப் படித்தேன். சரளமாகப் போகிறது. ஆனால் ஒரு நெருடல். 1915ல் இனப்படுகொலையைக் கண்ட அர்மீனியச் சமூகம் அது, 'நம்மவரையே கட்டிக்கொள்' என்று நாயகியின் அம்மா கேட்பதில் நியாயம் இருக்கிறதே. இரண்டு பெண்களின் காதல் கதைக்குள் அந்தத் துயரம் எதற்கு?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

அம்மா பக்கம் நியாயம் இருக்கிறது, எனக்கும் அதில் சந்தேகமில்லை. ஒட்டோமான் பேரரசின் மண்ணிலிருந்து, அதாவது இன்றைய துருக்கியிலிருந்து, துரத்தப்பட்டு அலெப்போ, பெய்ரூட், அப்புறம் ஃப்ரெஸ்னோ, லாஸ் ஏஞ்சலஸ் என்று சிதறியவர்களின் மேற்கு அர்மீனிய மொழி இன்று யுனெஸ்கோவின் அழியும் மொழிகள் பட்டியலில் இருக்கிறது. வேற்று இனத்தாரை அவர்கள் 'ஓடார்' என்பார்கள். பிள்ளை ஓடாரைக் கட்டினால் பேரப்பிள்ளையோடு எல்லாம் போச்சு என்ற பயத்தை வெறும் கட்டுப்பெட்டித்தனம் என்று ஒதுக்க முடியாது.

ஆனால் நாயகி நாரே யாரை விட்டு வருகிறாள் என்று பாருங்கள். சான் ஃபிரான்சிஸ்கோவில் குடித்துக் கும்மாளமிடும் கூட்டத்துக்கு நடுவே மண்டியிட்டு, கல்யாணம் செய்துகொள்ளலாமா என்று கேட்டவன் ஓடார்தான். அதன்பிறகு, ஃபேஸ்புக்கைத் துருவித் துருவி அம்மா தயாரித்த மாப்பிள்ளைப் பட்டியலோடு ஒரு மாத அர்மீனிய விழாவுக்குப் போகிறாள், அங்கே டாக்டரையும் இன்ஜினியரையும் தாண்டி மனம் எரெபூனி என்ற அர்மீனியப் பெண்ணிடம் போய் நிற்கிறது. எரெபூனி என்பது அர்மீனியத் தலைநகர் யெரெவானில் உள்ள பழங்காலக் கோட்டையின் பெயர், கி.மு. 782ல் கட்டியது. அம்மா கேட்டது ஓர் அர்மீனியத் துணை, கிடைத்ததும் அதுதானே!

இருவரும் சேர்ந்து கூஃப்தே செய்யும் இடத்தை மறுபடி படியுங்கள். உடைத்த கோதுமையையும் இறைச்சியையும் கைவலிக்கப் பிசைகிற, பாட்டிமார் செய்துவந்த வேலை அது. அதுவரை கடனே என்றிருந்த மரபு அவளுக்குப் பிடித்துப்போவது எரெபூனியால்தான்.

துயரம் எதற்கு என்று கேட்டீர்கள். நடந்ததை நடந்தது என்று ஒப்புக்கொள்ளுங்கள் என்றுதான் அர்மீனியர்கள் நூறு வருடமாகக் கேட்கிறார்கள், அமெரிக்க அதிபர் ஒருவர் முறைப்படி 'இனப்படுகொலை' என்று அறிவிக்க 2021 ஆயிற்று. அந்தச் சமூகத்தில் பிறந்த மகள், தன் இருபாலீர்ப்பை வீட்டில் சொல்ல முடியாமல் மறைத்து வாழ்கிறாள். இரண்டையும் பிரித்துப் படிக்க எனக்கு முடியவில்லை.

வீட்டை விட்டு ஓடும் காதலர்களை நிறையப் படித்துவிட்டோம். நாரேவுக்கு அம்மாவும் வேண்டும், எரெபூனியும் வேண்டும், நிறைவு விருந்தில் மொத்தச் சொந்தமும் உட்கார்ந்திருக்கும் அந்தக் கூடமும் வேண்டும். இன்னொரு முறை படித்தால் பட்டியல் போட்ட அந்த அம்மாவின் இடத்திலிருந்து படியுங்கள். எனக்கு அவரை ரொம்பப் பிடித்தது.