கிளுவை வேலியில் ஓணான்கள்: அழிக்க வேண்டுமா?

கேள்வி: எங்கள் கத்தரி, அவரைத் தோட்டத்தின் கிளுவை வேலியில் ஓணான்கள் பெருகிவிட்டன. சிலவற்றின் தலை செக்கச் சிவந்திருப்பதால், அவை நஞ்சுள்ளவை என்று வேலைக்கு வருபவர்கள் அஞ்சுகிறார்கள். பாத்திகளிலும் குழி பறிக்கின்றன. வேலியோரம் தேனீப் பெட்டிகளும் வைத்திருக்கிறேன். இவற்றை அழித்துவிடலாமா?
– விவசாயி, தாராபுரம் வட்டம்

பதில்: அழிக்க வேண்டாம். உங்கள் ஆட்களை அச்சுறுத்தும் அந்தச் சிவப்பு, இனப்பெருக்கக் காலத்தில் ஆண் ஓணானின் தலையிலும் தோளிலும் ஏறும் நிறமேயன்றி நஞ்சின் அடையாளமன்று. அக்காலத்தில் ஆண் ஓணான் வேலியின் உயர்ந்த கொம்பொன்றில் அமர்ந்து, முன்கால்களை ஊன்றி உடலை மேலும் கீழும் அசைத்து, தொண்டையை உப்பவைத்துத் தன் எல்லையை மற்ற ஆண்களுக்கு உணர்த்தும். சண்டையில் தோற்றால் சிவப்பு விரைவில் மங்கிவிடும். பெண் ஓணானும் குஞ்சுகளும் பழுப்பு நிறத்தில் பட்டையோடு பட்டையாகத் தெரிவதால் பலர் அவற்றைக் கவனிப்பதில்லை. வாலோடு சேர்த்து ஓரடிக்குச் சற்று மேல் வளரும் இவ்வுயிர், பிடித்தால் கடிக்கும். ஆனால் அதற்கு நஞ்சில்லை, இரத்தத்தையும் உறிஞ்சாது. இராமர் தண்ணீர் கேட்டபோது ஓணான் தவறு செய்தது என்ற கதையைச் சொல்லிச் சிறுவர்கள் சுருக்குப் போட்டு இதைக் கொல்லும் வழக்கத்தையும் தயவுசெய்து உங்கள் தோட்டத்தில் அனுமதிக்காதீர்கள்.

பாத்தியில் குழி பறிப்பது பெண் ஓணான். ஈரமான இளமண்ணில் பத்து முதல் இருபது முட்டைகள் வரை இட்டு, மண்ணை மூடி அழுத்திவிட்டுப் போய்விடும். செடியின் வேருக்கு இதனால் பெரிய சேதமில்லை. களையெடுக்கும்போது தோல்போன்ற ஓடுடைய நீண்ட வெள்ளை முட்டைகள் வெளிப்பட்டால், புரட்டாமல் அதே ஆழத்தில் மூடிவிடச் சொல்லுங்கள்.

பயிருக்கு இவற்றால் கிடைக்கும் நன்மையை மிகைப்படுத்தவும் நான் விரும்பவில்லை. வெட்டுக்கிளி, சிள்வண்டு, எறும்பு, இலைமேல் ஊரும் புழு ஆகியவற்றை ஓணான் பகல் முழுவதும் தின்னும். ஆனால் கத்தரியின் தண்டுக்குள்ளும் காய்க்குள்ளும் இருக்கும் துளைப்பான் புழு அதற்கு எட்டாது. வாடிய நுனிகளைக் கிள்ளி அழிப்பதையும் ஆண் அந்துப்பூச்சிகளை மணத்தால் ஈர்த்துப் பிடிக்கும் இனக்கவர்ச்சிப் பொறி வைப்பதையும் நீங்கள்தான் செய்தாக வேண்டும். நன்மை செய்யும் சிலந்தியையும் ஓணான் விட்டுவைப்பதில்லை.

உங்கள் கேள்வியில் உண்மையான சிக்கல் தேனீப் பெட்டிகள்தாம். அசையும் இரையைக் கண்டதும் பாய்ந்து கவ்வுவது ஓணானின் இயல்பு என்பதால், பெட்டியின் வாசலருகே கொம்பொன்று நீண்டிருந்தால் அதில் அமர்ந்து, வந்து போகும் தேனீக்களை ஒவ்வொன்றாகப் பிடித்துத் தின்னும். பெட்டிகளை வேலியிலிருந்து சில அடிகள் தள்ளித் திறந்த இடத்தில், மரக்கால்களுக்குப் பதிலாக வழவழப்பான இரும்புக்குழாய்த் தாங்கிமேல் வையுங்கள்; கிளைகளோ புல்லோ பெட்டியைத் தொடாதபடி கழித்துவிடுங்கள். பகலில் திடீரென இடம் மாற்றினால் வெளியே சென்ற தேனீக்கள் பழைய இடத்துக்கே திரும்பித் தவிக்கும். ஆகவே, அவை அடைந்தபின் மாலையில், நாளொன்றுக்கு ஓரிரு அடியாக நகர்த்துங்கள்.