வைரஸ் செல் சவ்வைத் தொடுவதைக் கணினியில் காட்டுகிறார்களே, அது வெறும் அனிமேஷன்தானா?

இல்லை. முறையான சிமுலேஷனில் எந்த அணுவையும் யாரும் கையால் நகர்த்துவதில்லை. ஒவ்வோர் அணுவின் மீதும் மற்ற அணுக்கள் செலுத்தும் விசையைக் கணக்கிட்டு, நியூட்டனின் விதிப்படி அது அடுத்து எங்கே போகும் என்று கணினி கண்டுபிடிக்கிறது. ஒரு கணக்குக்குச் சுமார் 2 ஃபெம்டோ வினாடிதான் நகரும்; ஒரு மைக்ரோ வினாடியின் நூறு கோடியில் ஒரு பங்குதான் ஃபெம்டோ வினாடி. ஒரு மைக்ரோ வினாடியை, அதாவது வினாடியின் பத்து லட்சத்தில் ஒரு பங்கைப் பார்க்கவே 50 கோடி முறை போட வேண்டும்.

படிக்கும் காலத்தில் லிப்பிட் எனும் கொழுப்பு மூலக்கூறுகளாலான சவ்வுகளைக் கணினியில் இப்படி ஓட்டியிருக்கிறேன். புரதத்தைப் பதிக்கும் முன் சவ்வைத்தான் சோதிப்போம். பிஓபிசி என்ற லிப்பிடாக இருந்தால் ஒரு மூலக்கூறு அடைக்கும் இடம் சுமார் 0.64 சதுர நானோமீட்டர் வர வேண்டும்; அது ஆய்வகத்தில் அளந்த எண். வராவிட்டால் மேற்கொண்டு ஓட்டிப் பயனில்லை.

இதை நான் நம்புவதற்கு முக்கியக் காரணம், 2020இல் சான் டியாகோவின் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் ரோமி அமாரோ குழு செய்த வேலை. கொரோனா வைரஸின் ஸ்பைக் புரதத்தைச் சர்க்கரைச் சங்கிலிகள் போர்த்தியிருக்கும். அவை ஓயாமல் ஆடுவதால் எலக்ட்ரான் நுண்ணோக்கியில் முழுதாகப் பதிவாவதில்லை. அவற்றையும் சேர்த்து, ஸ்பைக்கைச் சவ்வில் ஊன்றி ஓட்டினார்கள். ஆன்டிபாடியிடமிருந்து மறைப்பதுதான் சர்க்கரையின் வேலை என்றிருந்த நிலையில், புரதத்தின் 165, 234ஆம் அமினோ அமிலங்களில் உள்ள இரண்டு சர்க்கரைச் சங்கிலிகள், ஏசிஇ2வை (வைரஸ் பற்றிக்கொள்ளும், நம் செல்லின் மேலுள்ள புரதம்) ஸ்பைக் பிடிக்கும் பகுதி திறந்தே நிற்கும்படி முட்டுக் கொடுப்பது தெரிந்தது. ஆய்வகத்தில் அந்தச் சர்க்கரைகள் ஒட்ட முடியாதபடி புரதத்தை மாற்றிப் பார்த்தார்கள். ஏசிஇ2 மீதான பிடிப்பு குறைந்தது! கணக்கு சொன்னதைச் சோதனைக் குழாயும் சொன்னது. வெறும் அனிமேஷனால் இது முடியாது.

அதே குழு முழு வைரஸ் உறையையும் சுமார் 30.5 கோடி அணுக்களோடு சம்மிட் சூப்பர் கணினியில் ஓட்டி, அவ்வாண்டு சூப்பர் கணினி ஆய்வுகளுக்குத் தரப்படும் கார்டன் பெல் பரிசில், கோவிட் ஆய்வுக்கான சிறப்புப் பரிசைப் பெற்றது.

ஆனால் வைரஸின் சவ்வும் செல்லின் சவ்வும் ஒன்றாகக் கலக்கும் கட்டம் இன்னும் கடினம். மில்லி வினாடிகளோ அதற்கு மேலோ ஆகும் நிகழ்வு அது. ஒவ்வோர் அணுவாக அவ்வளவு தூரம் போவது மிகக் கடினம். அதனால் ஹைட்ரஜன் நீங்கலாக ஏறக்குறைய நான்கு அணுக்களை ஒரே மணியாகச் சேர்க்கும் மார்ட்டினி முறையைப் பலர் கையாள்கிறார்கள். வேகம் கூடும், ஹைட்ரஜன் பிணைப்பு போன்ற நுணுக்கம் போய்விடும்.

நீங்கள் பார்த்த வீடியோவில் எத்தனை அணுக்கள், எவ்வளவு நேரம் என்று குறிப்பு இருக்கிறதா பாருங்கள். வைரஸ் வந்து ஒட்டி, உள்ளே போய், பெருகுவது வரை ஒரே மூச்சில் காட்டினால் அது ஓவியர் வரைந்ததுதான்.