எல்லோரும் கொண்டாடும் காதல் நாவல் எதுவும் உங்களை ஏமாற்றியிருக்கிறதா? ஏன்?

ஏமாற்றியிருக்கிறது. ஐரிஷ் எழுத்தாளர் சாலி ரூனியின் 'நார்மல் பீப்பிள்'. 2018இல் வந்த நாவல். 2020இல் தொலைக்காட்சித் தொடராகவும் வந்து இன்னும் பல பேரைப் போய்ச் சேர்ந்தது. அயர்லாந்தின் சிற்றூர் ஒன்றில் ஒரே பள்ளியில் படிக்கும் கானெல், மரியான் இருவரின் கதை. மரியான் பணக்காரி. அவள் வீட்டைச் சுத்தம் செய்ய வருபவர் கானெலின் அம்மா.

முதல் பாதி அருமை, அதில் மாற்றுக் கருத்தே இல்லை. டப்ளினில் கல்லூரியில் படிக்கும்போது கானெலுக்குப் பகுதிநேர வேலை போய்விடுகிறது. கோடை விடுமுறைக்கு அறை வாடகை கட்ட வழியில்லை. பெரும்பாலான இரவுகளை மரியானின் வீட்டில்தான் கழிக்கிறான். ஆனாலும் "இங்கேயே தங்கிக்கொள்ளட்டுமா?" என்று கேட்க அவனுக்கு வாய் வரவில்லை. ஊருக்குப் போகிறேன் என்கிறான். தன்னை விட்டு விலகுகிறான் என்று அவள் எடுத்துக்கொள்கிறாள். காசு இல்லாதவனின் கூச்சம் காதலுக்குள் புகுந்து என்னவெல்லாம் செய்யும் என்பதை இவ்வளவு துல்லியமாக எழுதிய ஒருவர், மரியானை ஏன் இப்படிப் பாதியில் கைவிட்டார் என்பதுதான் என் ஆதங்கம்.

நண்பனின் தற்கொலைக்குப் பிறகு கானெல் மன அழுத்தத்தில் விழுகிறான். அவன் மனநல ஆலோசனைக்குப் போவது, அங்கே கேள்வித்தாள் நிரப்புவது, ஆலோசகர் முன்னால் உடைந்து அழுவது எல்லாமே பொறுமையாக எழுதப்பட்டிருக்கின்றன. சரி, மரியானுக்கு? அவளை அண்ணன் அடிக்கிறான். அம்மா கண்டுகொள்வதே இல்லை. தன்னை வதைக்கும் ஆண்களிடமே அவள் திரும்பத் திரும்பப் போகிறாள். கடைசியில் அண்ணனால் மூக்கு உடைந்து நிற்கிறாள். கானெல் வந்து அவனை மிரட்டிவிட்டு அவளைக் கூட்டிக்கொண்டு போகிறான். அவ்வளவுதான். அதற்குப் பிறகு வரும் அமைதி முழுக்க அவன் தரும் அமைதி.

நிஜத்திலும் பலர் இப்படித்தான் மீள்கிறார்கள் என்று சிலர் சொல்லலாம். இருக்கலாம். ஆனால் அவளுடைய காயத்தைப் பக்கம் பக்கமாகக் காட்டிய நாவல், அவள் அதிலிருந்து தானாக எழுந்து நிற்பதற்கு ஒரு காட்சிகூட ஒதுக்கவில்லை. அம்மாவிடம் நேருக்கு நேர் கேட்க அவளுக்கு எவ்வளவோ இருந்தது. முடிவில் நியூயார்க்கில் படைப்பெழுத்து படிக்க அவனுக்கு வாய்ப்பு வருகிறது, போய்வா என்கிறாள். அதைத் தியாகம் என்று நெகிழ்ந்தவர்கள் நிறைய. எனக்கோ, அடுத்த நாள் காலையில் அவள் என்ன செய்வாள் என்பதை யோசிக்காமலேயே நாவல் முடிந்துவிட்டது என்று கோபம்தான் வந்தது.