500 அடிக்கவா, 50 அடிக்கவா?

அன்பின் அக்கா,

என்னிடம் 11 சிறுகதைகள் இருக்கின்றன. தொகுப்பாகப் போட விசாரித்தால், 500 பிரதிக்குக் குறைந்தால் கட்டாது என்கிறார்கள் அச்சகத்தில். அவ்வளவு காசுக்கு எங்கே போவேன்? தம்பியோ, "இனி ஆர் புத்தகம் வாங்குகினம்? பிடிஎஃப் ஆக்கி வாட்ஸ்அப்பில விடு" என்கிறான். என்ன செய்யலாம்?

வாசகி, மல்லாவி

அன்பின் தங்கச்சி,

அச்சகக்காரர் பொய் சொல்லவில்லை. ஓப்செட் அச்சில் பக்கங்களைத் தகட்டில் ஏற்றித்தான் அடிப்பார்கள். 50 அடித்தாலும் 500 அடித்தாலும் அந்தத் தகட்டுச் செலவு ஒன்றுதான். கூட அடித்தால்தான் பிரதியின் விலை இறங்கும். அந்தக் கணக்கை நம்பி என் முதல் தொகுப்பை நானும் 500 அடித்தேன். வெளியீட்டு விழாவில் மேடைக்கு வந்து பிரதி வாங்கியவர்கள் என்வலப் தந்தார்கள். அச்சுக்கூலியில் பாதி வந்தது. (எங்கள் பக்கம் புத்தக விற்பனை என்பது பெரும்பாலும் அந்த ஒரு பின்னேரம்தான்.) கொஞ்சத்தைக் கிளிநொச்சியில் ஒரு கடையில் வைத்தேன். பழைய பரீட்சை வினாத்தாள்களுக்கும் கொப்பிகளுக்கும் பின்னால் கிடந்து அட்டை வெளுத்தது. கட்டிலுக்குக் கீழே வைத்த கட்டுகளை ஒரு மாரி முடிந்து இழுத்தேன். மேல் அட்டை அப்படியே இருந்தது, தூக்கினால் உள்ளே மண். கறையான். தேறியது 40.

டிஜிட்டல் அச்சுக்குத் தகடு வேண்டாம். பிரதி விலை கூடத்தான், ஆனால் 50 அடித்து, அவை விற்று முடிந்தால் பிறகு 30 அடிக்கலாம். இப்போது நான் முகநூலில் அறிவிக்கிறேன், காசு வங்கிக்கு வருகிறது, பிரதி ஏ9 வீதி பஸ்ஸில் பார்சலாகப் போகிறது. கடைக்குக் கழிவு இல்லை, கட்டிலுக்குக் கீழே கட்டும் இல்லை.

தம்பி சொன்ன பிடிஎஃப் இலவசமாக எங்கும் போகும், சரி. ஆனால் கைமாறிக் கைமாறி உங்கள் பெயருள்ள பக்கமே கழன்றுவிடும். அமேசனின் மின்னூல் தளமான கிண்டிலில் 2016 இலிருந்து தமிழ்ப் புத்தகங்கள் வருகின்றன. வாங்க வங்கி அட்டை வேண்டும். வெளிநாட்டில் இருப்பவர்கள் வாங்குவார்கள், மல்லாவியில் எத்தனை பேர்?

இதற்காகக் கணினியே வேண்டாம் என்று நினைக்காதீர்கள். என் கதை வந்த சஞ்சிகை ஒன்று 2009 இல் வீட்டோடு போய்விட்டது. பிறகு ஒருநாள், 2005 இலிருந்து ஈழத்து நூல்களை ஸ்கான் பண்ணி வரும் 'நூலகம்' தளத்தில் அதே இதழைக் கண்டேன். என் கதையில் இரண்டு வரிக்குக் கீழே ஆரோ பேனையால் கோடிட்டிருந்தார்கள்.

50 அடியுங்கள். ஒன்றை அந்த 'நூலகம்' தளத்துக்கு அனுப்புங்கள். எனக்கொன்றைப் பஸ்ஸில் போட்டுவிடுங்கள். காசு போட வங்கி இலக்கம் தாருங்கள்.