"வந்தால் உடம்பு சொல்லும்": புராஸ்டேட் கேள்வி பதில்

எனக்கு 58 வயது. சிறுநீர் தடையில்லாமல் போகிறது, வலியும் இல்லை. கேம்ப்பில் பி.எஸ்.ஏ. ரத்தப் பரிசோதனை எடுக்கச் சொன்னார்கள். நோயே இல்லாதவனுக்கு அது எதற்கு? (விருதுநகர்)

வந்தால் உடம்பு சொல்லும் என்றுதான் பெரும்பாலான ஆண்கள் நம்புகிறார்கள். புராஸ்டேட் புற்றுநோயில் அந்த நம்பிக்கையே ஆபத்து. புராஸ்டேட் என்பது மூத்திரப்பைக்குக் கீழே, சிறுநீர்க் குழாயைச் சுற்றியிருக்கும் சுரப்பி. பி.எஸ்.ஏ. என்பது அது சுரக்கும் ஒரு புரதம்; ரத்தத்தில் அதன் அளவைத்தான் இந்தப் பரிசோதனை பார்க்கும். வயதானால் வரும் சாதாரண வீக்கம் குழாயை ஒட்டி வளர்வதால் இரவில் நாலு முறை எழுப்பிவிடும். புற்றுநோய் பெரும்பாலும் வெளிப்பகுதியில், மலக்குடல் பக்கமாகத் தொடங்கும். குழாயை அழுத்தாததால் ஆரம்பத்தில் ஒன்றும் தெரியாது. முதுகுவலி என்று எலும்பு டாக்டரிடம் போய், எலும்புவரை பரவிய பிறகு எங்களிடம் வருகிறவர்கள் உண்டு. அப்போது நோயைக் கட்டுப்படுத்தலாம், முழுதாகக் குணப்படுத்துவது கடினம்.

அதற்காக எல்லோரும் எடுத்தே ஆக வேண்டும் என்று சொல்லமாட்டேன். அமெரிக்காவின் தடுப்பு மருத்துவக் குழு 2018-இல் சொன்னது: 55 முதல் 69 வரை டாக்டருடன் நன்மை தீமை பேசி அவரவர் முடிவெடுக்கலாம்; 70-க்கு மேல் வழக்கமாக எடுக்க வேண்டாம். அப்பாவுக்கோ அண்ணன் தம்பிக்கோ இருந்திருந்தால் வாய்ப்பு ஏறத்தாழ இரு மடங்கு. முதலில் வீட்டில் விசாரியுங்கள். "தாத்தாவுக்கு மூத்திரம் அடைச்சுப் போச்சு" என்பதோடு பல குடும்பங்களில் பேச்சு முடிந்திருக்கும்.

கணவருக்கு 62. மாமனார் இந்த நோயில்தான் இறந்தார். "பின்னால விரல் விட்டுப் பார்ப்பாங்களாம், என்னால முடியாது" என்கிறார். என்ன சொல்லி அழைத்து வருவது? (கும்பகோணம்)

அம்மா, இதை வாய்விட்டுச் சொன்னாரே, அதுவே பெரிது. பலர் இதை மனதில் வைத்துக்கொண்டு "நேரமில்லை" என்பார்கள். முதல் படி ரத்தம் எடுப்பது மட்டும்தான் என்று சொல்லுங்கள். அளவு கூடுதலாக இருந்தால் எம்.ஆர்.ஐ. எடுக்கலாம். விரல் சோதனைக்கு ஒரு நிமிடம்கூட ஆகாது. அது வேண்டாம் என்று சொல்லவும் அவருக்கு உரிமை உண்டு. அதற்காக ரத்தப் பரிசோதனை நின்றுவிடாது. ஆண்மைக்கு இழுக்கு என்ற இதே கூச்சத்தை ஜமைக்காவிலும் ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள்.

இன்னொன்றும் தோன்றுகிறது. அப்பா பட்ட பாட்டைக் கண்ணால் பார்த்தவர் அவர். விரலைவிட, ரிசல்ட்டில் என்ன வருமோ என்றுதான் அதிகம் பயப்படுகிறாரோ? அதைப் பற்றிப் பேசிப் பாருங்கள். நீங்களும் கூடவே வாருங்கள்.

பி.எஸ்.ஏ. 7.2. பயாப்சி (ஊசியால் சுரப்பியில் சிறு துணுக்கு எடுத்துச் சோதிப்பது) செய்யச் சொல்கிறார்கள். ஊசி பட்டால் பரவிவிடும் என்கிறார்கள் சொந்தக்காரர்கள். (சேலம்)

ஊசி போன வழியில் பரவுவது மிக மிக அரிது. முற்றிய நிலையில் ஆபரேஷன் செய்தவர் சீக்கிரம் இறந்தால், பழி கத்தி மேல் விழுகிறது. அப்படி வளர்ந்த பயம் இது.

7.2 என்றாலே புற்றுநோய்தான் என்று இல்லை. வீக்கம், சிறுநீர்த் தொற்று, முந்தின நாள் உடலுறவு எதனாலும் கூடலாம். தொற்று இருந்திருந்தால் ஆறு வாரம் கழித்து மறுபடி எடுங்கள். புராஸ்டேட் வீக்கத்துக்குக் கொடுக்கும் பினாஸ்டிரைடு மாத்திரை சாப்பிட்டால் கட்டாயம் சொல்லுங்கள். அது அளவைப் பாதியாகக் குறைத்துக் காட்டும்.

புற்றுநோயே என்றாலும் உடனே அறுவை என்று அர்த்தமில்லை. பிரிட்டனின் புரோடெக்ட் ஆய்வில் அறுவை, கதிர்வீச்சு, கண்காணிப்பு என மூன்று பிரிவுகள். பரவாத நிலையில் கண்டுபிடிக்கப்பட்ட அவர்களில், 15 ஆண்டுகளில் இந்த நோயால் இறந்தவர்கள் எந்தப் பிரிவிலும் 100-க்கு 3 பேர் அளவுதான்.

வைட்டமின் ஈ மாத்திரை தடுக்குமா? (நாகர்கோவில்)

தடுக்காது. 35,000-க்கும் மேற்பட்டவர்களிடம் நடந்த செலக்ட் ஆய்வில், வைட்டமின் ஈ மட்டும் எடுத்தவர்களுக்கு நோய் 17 சதவீதம் கூடியது என்று 2011-இல் தெரியவந்தது. நிறுத்திவிடுங்கள்.

வயது 34. சிறுவயது கைப்பழக்கத்தால் பின்னாளில் இந்த நோய் வரும் என்று ஒரு வைத்தியர் சொன்னார். (கோவை)

வராது தம்பி. 2016-இல் வெளியான அமெரிக்க ஆய்வில், அடிக்கடி விந்து வெளியேறியவர்களிடம் இந்த நோய் சற்றுக் குறைவாகவே இருந்தது. அது காரணமா என்று உறுதியாகச் சொல்ல முடியாது, ஆனால் கெடுதல் என்பதற்கு ஆதாரம் இல்லை. இந்தப் பயத்தை வைத்து லேகியம் விற்பவர்களிடம் இனி ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்.