ஆச்சி பிறந்த வருஷம் எது?

கேள்வி: எங்கள் ஆச்சி தொண்ணூறு தாண்டி, சென்ற மாதம் காலமானார். கொழும்பு, சிங்கப்பூர் என்று இருந்துவிட்டுக் கடைசியில் பிறந்த ஊருக்கே வந்து சேர்ந்தவர். வருஷத் திதிக்குள் ஒரு நினைவு மலர் கொண்டுவர எண்ணம். ஜாதகத்தில் ‘கொல்லம் 1108 மகரம்’ என்றிருக்கிறது. பெரியப்பா 1932 என்கிறார், அத்தை 1933 என்கிறார், பாஸ்போர்ட்டிலோ 1-6-1935. எதைப் போடுவது?
— வாசகி, செங்கோட்டை

பதில்: அத்தை சொல்வதுதான் சரி. கொல்லம் ஆண்டுடன் 824ஐக் கூட்டினால் ஆங்கில வருஷம் வரும் என்று வீட்டுக்கு வீடு சொல்லிவைத்திருக்கிறார்கள். அது பாதிக் கணக்குதான். உங்கள் பக்கத்தில் கொல்லம் ஆண்டு சிங்கத்தில், அதாவது ஆவணியில், ஆகஸ்ட் நடுவில் பிறக்கிறது. அதிலிருந்து டிசம்பர் 31 வரை 824. மார்கழி நடுவில் ஜனவரி 1 வந்துவிடுகிறதல்லவா, அங்கிருந்து ஆடி முடிய 825. மகரம் நம் தை. ஆகவே 1108 + 825 = 1933. ஜாதகத்தில் தமிழ் வருஷமும் எழுதியிருந்தால் ‘ஆங்கீரச’ என்று இருக்க வேண்டும்; அது 1932 ஏப்ரலில் தொடங்கி 1933 ஏப்ரலில் முடிந்தது. இரண்டும் ஒத்துப்போனால் வருஷத்தில் சந்தேகமே வேண்டாம்.

தேதியைக் கண்டுபிடிக்க நட்சத்திரம், திதி, கிழமை மூன்றையும் அந்த வருஷத்துப் பஞ்சாங்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒரு நாள் உதைத்தால் பிறந்த நேரத்தைக் கவனியுங்கள். ஜாதகத்துக்கு நாள் சூரிய உதயத்தில்தான் தொடங்குகிறது. விடியற்காலை 3 மணிக்குப் பிறந்தவருக்கு அதில் முந்தின நாள் கிழமைதான் இருக்கும். ஆங்கிலத் தேதியோ மறுநாள். பஞ்சாங்கம் கிடைக்காவிட்டால் ‘1108 மகரம் (1933 ஜனவரி–பிப்ரவரி)’ என்றே அச்சிடுங்கள். தெரியாத தேதியை அழகுக்காகப் போட வேண்டாம். நாளைக்குப் பேரப்பிள்ளைகள் அதையே ஆதாரமாகக் காட்டுவார்கள்.

பாஸ்போர்ட் தேதி பெரும்பாலும் பள்ளிச் சான்றிதழிலிருந்து வந்திருக்கும். பள்ளியில் சேர்க்கும்போது வயதை அனுசரித்து வாத்தியார் ஜூன் மாதத் தேதி ஒன்றை எழுதிவிடுவது அந்தக் காலத்தில் பல ஊர்களில் சகஜம். ஆனாலும் அந்தப் பாஸ்போர்ட்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். பிறந்த தேதிக்கு உதவாவிட்டாலும், பயணத் தேதிகளுக்கு அதன் முத்திரைகளைவிட நல்ல சாட்சி கிடையாது. முத்திரை மங்கியிருந்தால் பக்கவாட்டில் வெளிச்சம் விழும்படி வைத்துப் படம் எடுங்கள், எழுத்து எழும்பித் தெரியும்.

முத்திரை இல்லாத பயணங்களுக்கு ஆச்சி சொன்ன பெயர்களே கை கொடுக்கும். தனுஷ்கோடியில் கப்பல் ஏறித் தலைமன்னாரில் இறங்கியதாகச் சொல்லியிருந்தால் அது 1964 டிசம்பர் புயலுக்கு முந்தியது. அதற்குப் பிறகு கப்பல் ராமேஸ்வரத்திலிருந்துதான். சிங்கப்பூருக்கு ‘ரஜூலா’ கப்பலில் போனார் என்றால் 1973க்குள். ‘சிதம்பரம்’ என்றால் அதற்குப் பின், 1985 பிப்ரவரியில் அந்தக் கப்பலில் தீப்பிடித்ததற்கு முன். கொல்லம் போகிற மீட்டர் கேஜ் ரயிலில் பதிமூன்று கண் பாலத்தைக் கடந்த கதை இருந்தால் அது எப்படியும் 2010 அல்லது அதற்கு முன்புதான். ஒவ்வொரு பயணத்துக்கும் ஒரு தனித் தாள் வையுங்கள்: எங்கே ஏறினார், எதில் போனார், கூட யார், அப்போது யார் கைக்குழந்தை. கைக்குழந்தையின் பிறந்த வருஷம் தெரிந்தால் பயணத்தின் வருஷம் பெரும்பாலும் ஒன்றிரண்டுக்குள் வந்துவிடும்.

பிறந்த இடத்தை ‘செங்கோட்டை, திருவிதாங்கூர் (இன்று தென்காசி மாவட்டம்)’ என்று எழுதுங்கள். 1956 நவம்பர் 1 அன்றுதான் செங்கோட்டை சென்னை மாநிலத்துக்கு வந்தது. மலையாள மாதப் பெயரோடு ஆச்சியின் ஜாதகம் இருப்பதற்கு அதுதான் காரணம் என்பது படிக்கிற பிள்ளைகளுக்குப் புரிய வேண்டும்.

கேள்வி: அவ்வா 1938இல் திருத்தணியில் பிறந்தவர். ஆந்திரா என்று போடுவதா, தமிழ்நாடு என்று போடுவதா? அவர் கல்யாணப் படம் சட்டத்தின் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டுவிட்டது, எப்படிப் பிரிப்பது?
— வாசகர், நகரி

பதில்: இரண்டும் வேண்டாம். 1938இல் அது சென்னை மாகாணம், சித்தூர் மாவட்டம். 1953 அக்டோபரில் ஆந்திர மாநிலம். 1960 ஏப்ரல் 1 முதல் மீண்டும் சென்னை. அவ்வா வீட்டைவிட்டு நகராமலே இரண்டு மாநிலங்களில் வாழ்ந்திருக்கிறார், மலரில் அதைக் கட்டாயம் சொல்லுங்கள்.

படத்தைப் பிரிக்காதீர்கள். ஈரத்தில் படத்தின் மேற்பூச்சு இளகிக் கண்ணாடியில் பிடித்திருக்கிறது. இழுத்தால் முகம்தான் கண்ணாடியோடு வரும். சட்டத்தை மட்டும் கழற்றி, கண்ணாடியின் வெளிப்புறத்தைத் துடைத்து, கண்ணாடியோடு அப்படியே ஸ்கேனரில் கவிழ்த்து 600 டிபிஐயில் எடுங்கள். உள்ளங்கை அளவுப் படம் என்றால் 1200. வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் சுருங்கிவிடும், ‘டாக்குமென்ட்’ ஆக அனுப்பச் சொல்லுங்கள். லேமினேஷன் கூடவே கூடாது.

கேள்வி: எங்கள் அம்மாயிக்கு 88. பம்பாயிலும் நைரோபியிலும் இருந்தவர். பேச வைத்துப் பதிவு செய்ய உட்கார்ந்தால், “அதெல்லாம் ஞாபகம் இல்லை” என்று எழுந்துவிடுகிறார்.
— வாசகி, கொழிஞ்சாம்பாறை

பதில்: ‘எந்த வருஷம்?’ என்று கேட்டிருப்பீர்கள். அந்தக் கேள்வியை விட்டுவிடுங்கள், வருஷத்தை மேலே சொன்னபடி நீங்களே கண்டுபிடிக்கலாம். “அம்மாயி, டிரங்குப் பெட்டியில என்னென்ன வெச்சுக் கட்டுனீங்க?”, “கப்பல்ல சாப்பாட்டுக்கு என்ன பண்ணுனீங்க?”, “அங்க மொளகாப்பொடி யாரு அரைச்சுக் குடுத்தாங்க?” என்று பொருளைப் பிடித்துக் கேளுங்கள். கப்பல் பெயர் ‘கரஞ்சா’வா, ‘கம்பாலா’வா என்று நடுவில் ஒரு சொல் போடுங்கள், பம்பாயிலிருந்து கிழக்கு ஆப்பிரிக்கா போனவர்கள் மறக்காத பெயர்கள். மொம்பாசாவில் இறங்கிய பிறகு ரயில் பயணம் தானாக வரும். ஷில்லிங்கில் காய் வாங்கிய கணக்கைக் கேட்டால் அடுக்களை முழுவதும் வந்துவிடும்.

காலைப் பலகாரம் முடிந்த நேரம் நல்லது, சாயங்காலம் களைத்துவிடுவார்கள். மின்விசிறியை நிறுத்துங்கள், பதிவைக் கெடுப்பது பெரும்பாலும் அதுதான். போனை ஏரோப்ளேன் மோடில் போட்டு, மடித்த துண்டின் மேல், அவருக்கு ஒரு முழ தூரத்தில் வையுங்கள். மேசைமேல் வெறுமனே வைத்தால் டம்ளர் வைக்கிற சத்தமெல்லாம் விழும். முதல் 2 நிமிடத்தைப் போட்டுக் கேட்டுவிட்டுத் தொடருங்கள். 40 நிமிடத்துக்கு மேல் வேண்டாம். அவர் மௌனமாக இருந்தால் அடுத்த கேள்விக்குத் தாவாமல் பத்து எண்ணுங்கள், பல நேரம் நல்ல விஷயம் அதற்குப் பிறகுதான் வரும்.

எழுதும்போது மலையாளமோ சுவாஹிலியோ கலந்த சொற்களைத் திருத்தாதீர்கள். அர்த்தத்தை ஓரத்தில் குறித்தால் போதும். பதிவை அன்றே மூன்று இடத்தில் வையுங்கள், அதில் ஒன்று வேறு வீட்டில் இருக்கட்டும்.