கமலா ஆரஞ்சு இருக்க, கிரேப்ஃப்ரூட் எதற்கு?

கேள்வி: லண்டனில் படிக்கும் என் மகள் விடுமுறைக்கு வந்திருக்கிறாள். அங்கே குளிர்காலத்தில் ஆரஞ்சு வகைகளை நறுக்கிப் போட்டுச் செய்யும் சாலட் அவளுக்கு ரொம்பப் பிடித்துவிட்டதாம். இரண்டு தடவை செய்து கொடுத்தேன். முதல் தடவை கசந்தது, அடுத்த தடவை கிண்ணம் முழுக்கத் தண்ணீர். கடையில் வாங்கிய டிரெஸ்ஸிங் ஊற்றியும் சரிவரவில்லை. கிரேப்ஃப்ரூட்டும் பிளட் ஆரஞ்சும் எளிதில் கிடைப்பதில்லை, கிடைத்தாலும் விலை மிரட்டுகிறது. "பழத்தில் போய் எண்ணெய் ஊற்றுவார்களா?" என்று மாமியார் முகம் சுளிக்கிறார். இங்கே கிடைப்பதை வைத்து நன்றாகச் செய்ய வழி உண்டா?
- ஒரு வாசகி, மடிப்பாக்கம்

பதில்:

அன்புச் சகோதரிக்கு,

தாராளமாக உண்டு. அந்த இரண்டு பழங்களும் கிடைக்காததால் உங்கள் சாலட் கெடவில்லை. கசப்பு உரித்த விதத்தால் வந்தது, தண்ணீர் உப்புப் போட்ட நேரத்தால் வந்தது. இரண்டும் நம் கையில் இருக்கும் விஷயங்கள்.

பழத்திலிருந்து தொடங்குவோம். பிளட் ஆரஞ்சுக்கு உள்ளே சிவப்பு ஏற வேண்டுமானால் இரவில் நல்ல குளிர் வேண்டும். நம் பக்கத்து வெயிலில் அது நடக்காது. சாத்துக்குடி பழுத்த பிறகும் பச்சையாகவே இருப்பதும் இதே காரணத்தால்தான், குளிர் பட்டால்தான் தோலின் பச்சை விலகும். அதனால் நிறத்தைப் பார்த்து வாங்காதீர்கள். கையில் எடுத்துப் பாருங்கள், அளவுக்கு மீறிய கனம் இருந்தால் சாறு இருக்கிறது. கமலா ஆரஞ்சில் தோல் உப்பிக்கொண்டு உள்ளே சுளை ஆடினால் அது வறண்ட பழம். மார்கழி, தை மாதங்களில் தள்ளுவண்டியிலேயே நல்ல கமலா கிடைக்கும். வடக்கிலிருந்து வரும் கின்னோ என்ற ஆரஞ்சு வகையும் ருசிதான், ஆனால் கொட்டை எடுத்தே கை ஓய்ந்துவிடும். பம்பளிமாஸ் உங்கள் பக்கம் கிடைக்காவிட்டால் மயிலாப்பூர் தண்ணித்துறை மார்க்கெட்டிலோ கோயம்பேட்டிலோ தேடிப் பாருங்கள். கிரேப்ஃப்ரூட்டே பம்பளிமாஸின் வாரிசுதான், பம்பளிமாஸும் ஆரஞ்சும் கலந்து பிறந்தது. மூலப் பழம் இங்கே இருக்கும்போது வாரிசுக்கு ஏன் அவ்வளவு விலை கொடுக்க வேண்டும்?

நான்கு பேருக்கு மூன்று கமலா, இரண்டு சாத்துக்குடி, பாதி பம்பளிமாஸ் போதும்.

இனி உரிப்பது. இந்த சாலட்டின் ருசியில் முக்கால் பங்கு இதில்தான் இருக்கிறது, அவசரப்படாதீர்கள். சாத்துக்குடியைக் கையால் உரிக்கக் கூடாது. மேலும் கீழும் ஒரு சீவு சீவி, பழத்தைப் பலகையில் நிற்க வைத்து, கூரான கத்தியால் வளைவை ஒட்டியே மேலிருந்து கீழாகத் தோலைச் சீவுங்கள். வெள்ளைப் பகுதி துளிகூட ஒட்டியிருக்கக் கூடாது, உங்கள் கசப்பு இருந்த இடம் அதுதான். கொஞ்சம் சதை தோலோடு போனால் போகட்டும். பிறகு வட்ட வட்டமாக நறுக்கிக் கொட்டைகளை எடுத்துவிடுங்கள். கமலாவைக் கையால் உரித்து, நாரெல்லாம் எடுத்து, ஒவ்வொரு சுளையின் உள்விளிம்பையும் கத்தரிக்கோலால் நறுக்கிக் கொட்டையைத் தள்ளிவிடுங்கள். பம்பளிமாஸில் சுளையை மூடியிருக்கும் தடித்த தோலையும் முழுக்க உரித்துவிட்டு, சதையை மட்டும் முத்து முத்தாக உதிர்த்துக்கொள்ள வேண்டும். டிவி பார்த்துக்கொண்டே மகளும் நீங்களுமாக உட்கார்ந்து செய்யலாம்.

கசப்புக்கு இன்னொரு காரணமும் உண்டு. சாத்துக்குடி ஜூஸ் பிழிந்து வைத்தால் நேரம் போகப் போகக் கசக்குமே, கவனித்திருப்பீர்கள். சாறு வெளியே வந்ததும் அதில் லிமோனின் என்ற கசப்புப் பொருள் மெல்ல உருவாகிறது. எனவே சாத்துக்குடியைக் கடைசியில் நறுக்குங்கள், டிரெஸ்ஸிங்குக்குக் கமலாச் சாற்றையே எடுங்கள்.

டிரெஸ்ஸிங்குக்குப் பாட்டில் வேண்டவே வேண்டாம். அரை டீஸ்பூன் கடுகைப் பத்து நிமிடம் குளிர்ந்த நீரில் ஊறவைத்து, அதே நீரில் சிறிது விட்டு இடிகல்லில் நசுக்கி அரைத்து, இன்னும் பத்து நிமிடம் அப்படியே விடுங்கள். கடுகின் காரம் தண்ணீரோடு நசுங்கிய பிறகுதான் பிறக்கும். எலுமிச்சையை முன்னாலேயே பிழிந்துவிட்டால் காரம் ஏறாது. அப்புறம் ஒரு டேபிள்ஸ்பூன் எலுமிச்சைச் சாறு, இரண்டு டேபிள்ஸ்பூன் கமலாச் சாறு, ஒரு டீஸ்பூன் தேன், கொரகொரப்பாக இடித்த மிளகு, மூன்று டேபிள்ஸ்பூன் எண்ணெய். எல்லாவற்றையும் மூடியுள்ள ஜாம் பாட்டிலில் ஊற்றி நன்றாகக் குலுக்குங்கள். கடுகு விழுது எண்ணெயையும் சாற்றையும் கொஞ்ச நேரம் பிரியாமல் பிடித்துவைக்கும். வழக்கமாக ஒரு பங்கு புளிப்புக்கு மூன்று பங்கு எண்ணெய் என்பார்கள். இங்கே பழமே புளிப்பு என்பதால் எலுமிச்சையை இதற்கு மேல் கூட்டாதீர்கள்.

எந்த எண்ணெய்? ஆலிவ் எண்ணெய் இருந்தால் சரி, இல்லாவிட்டால் செக்குக் கடலை எண்ணெய். எனக்குக் கடலை எண்ணெய்தான் பிடிக்கும், மேலே தூவும் வறுத்த வேர்க்கடலையோடு அந்த வாசனை அழகாகச் சேர்ந்துகொள்ளும். நல்லெண்ணெய் பழத்தின் மணத்தை அமுக்கிவிடும். தேங்காய் எண்ணெய் மார்கழிக் காலையில் பாட்டிலிலேயே உறைகிறது, குளிர்ந்த பழத்தின் மேல் பட்டால் வெள்ளை வெள்ளையாகத் திரண்டு நிற்கும்.

உப்பு பழத்திலிருந்து நீரை இழுத்துவிடும். எனவே சுளைகளை ஒரு வடிதட்டில் பத்து நிமிடம் வைத்து, சொட்டும் சாற்றை டிரெஸ்ஸிங்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். எல்லோரும் தட்டோடு உட்கார்ந்த பிறகு, பீங்கான் தட்டில் பழத்தைப் பரப்பி, டிரெஸ்ஸிங்கை ஊற்றி, கடைசியாகக் கால் டீஸ்பூன் இந்துப்பைத் தூவுங்கள். வேப்பிலைக்கட்டிக்கு இடிப்போமே, அந்த நாரத்தை இலையில் இளசாக இரண்டு எடுத்து, நடு நரம்பைக் கிள்ளிவிட்டு, மயிரிழையாக நறுக்கிப் போட்டுப் பாருங்கள். லண்டனில் உங்கள் மகளுக்கு இந்த மணம் கிடைத்திருக்காது.

ஒரு விஷயத்தைக் கட்டாயம் கவனியுங்கள். பம்பளிமாஸும் கிரேப்ஃப்ரூட்டும் சில கொலஸ்ட்ரால் மாத்திரைகள், சில ரத்தக் கொதிப்பு மாத்திரைகளின் அளவை உடம்பில் அதிகமாக்கிவிடும். காலையில் மாத்திரை, மாலையில் பழம் என்று நேரத்தை மாற்றிக்கொண்டாலும் தீராது, ஏனென்றால் அதன் தாக்கம் ஒரு நாளுக்கு மேல்கூட நீடிக்கும். வீட்டுப் பெரியவர்கள் அப்படி ஏதாவது மாத்திரை சாப்பிட்டால், டாக்டரிடம் கேட்கும் வரை அவர்கள் தட்டில் கமலாவும் சாத்துக்குடியும் மட்டும் இருக்கட்டும், டிரெஸ்ஸிங்கிலும் பம்பளிமாஸ் சாறு சேராமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் மாமியாரின் கேள்வியும் நியாயமானதுதான். ஆனால் கோசுமல்லியில் எலுமிச்சை பிழிந்து, எண்ணெயில் கடுகு தாளித்துக் கொட்டுகிறோமே, அதில் இருப்பதும் இதே புளிப்பு, எண்ணெய், கடுகு மூன்றும்தான். காய்க்குப் பதில் பழம், அவ்வளவே. இதை அவரிடம் பக்குவமாகச் சொல்லிப் பாருங்கள். அப்படியும் வேண்டாம் என்றால் வற்புறுத்தாதீர்கள். உரித்த கமலாத் தோலை எறியாமல் கழுவி வைத்திருங்கள். பொடியாக நறுக்கி, நல்லெண்ணெயில் சுருள வதக்கி, புளி கரைத்து ஊற்றி, கொஞ்சம் வெல்லமும் போட்டு, அவருக்கு அன்றைக்கு ஆரஞ்சுத் தோல் குழம்பு வைத்துக் கொடுங்கள்.